அவனுக்கு வலப்பக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடாமல் வைத்திருந்தேன். "நெட்டையனுக்கு என் மேல் ஏதாவது கோபமா? போன் செய்தால் எடுப்பதே இல்லை, எடுத்தாலும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறான்" என்று கேட்டிருந்தாயே, அதற்கு அன்றைக்கு என்னிடமும் பதில் இல்லை. என்னிடமும் அவன் அப்படித்தான் இருந்தான். சனிக்கிழமை நாங்கள் இருவரும் மலையேறப் போவதாக இருந்தது. நாள் முழுக்க கூடவே நடக்கப்போகிறோம், எப்படியும் தெரிந்துவிடும், அப்புறம் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். தெரிந்துவிட்டது. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அவனுக்கு இடது காது கேட்பதில்லை. வலது காதிலும் கொஞ்சம் மந்தம். உனக்கு எழுதச் சொன்னதே அவன்தான், அதனால் தயங்காமல் எழுதுகிறேன்.

அன்று நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். மலை எப்படி இருந்தது என்றும் நீ கேட்டிருந்தாய்.

போக வர 18 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தம் 1200 மீட்டர். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நெட்டையன் முந்தின நாளே வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டான். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு அது: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். அதன்படி எங்களுக்கு ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அது நல்ல உடல்வாகு உள்ளவர்கள் நிற்காமல் நடந்தால். நம் வயதுக்கு, உட்கார்ந்து எழுந்து, நாலு இடத்தில் நின்று பார்த்துப் போக, இரண்டு மடங்கு வைத்துக்கொள் என்றான். அதிகாலை நாலரைக்குக் கிளம்புவது, உச்சி தொட்டாலும் தொடாவிட்டாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தோம். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும் என்பதில் அவன் எப்போதும் கறார். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு யாரும் சரியாக முடிவெடுப்பதில்லை என்பான். எனக்கும் அதில் முழுச் சம்மதம்.

தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் காட்டுக்குள் ஏற்றம். நான் ஏதோ பேசிக்கொண்டே போனேன், அவன் பாதிக்குப் பாதி பதில் சொல்லவில்லை. இரண்டு தடவை "என்னது?" என்றான். மூன்றாம் தடவை, "ஏறும்போது காது அடைக்குதுடா" என்றான். சரி, அது நடப்பதுதானே. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே இருக்கிற காற்று அதற்கு ஈடுகொடுக்கும் வரை அடைப்பு இருக்கும், எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ விட்டுப்போகும். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

எட்டு மணி வாக்கில் மரங்கள் முடிந்து முகட்டுக்கு வந்தோம். ஒரு பக்கம் நல்ல வெயில். மறுபக்கம் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, எங்கள் காலுக்குக் கீழே வரைக்கும் வந்து நின்றது. வெயில் முதுகில் அடிக்க, எங்கள் இரண்டு பேர் நிழலும் அந்தப் பனியின் மேல் விழுந்தது. பார்த்தால், என் நிழலின் தலையைச் சுற்றி ஒரு வட்டம். வெளிவிளிம்பு சிவப்பு, உள்ளே போகப் போக மஞ்சள், பச்சை, நீலம். நான் கையை ஆட்டினால் நிழலும் ஆட்டுகிறது, வட்டம் மட்டும் தலையை விட்டு அசையவில்லை. "டேய், என் தலையைப் பார், ஒளிவட்டம்" என்றேன். "உன் தலையில் ஒன்றும் இல்லை, என் தலையில்தான் இருக்கிறது" என்றான் அவன். பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறோம், ஆனால் அவனவன் நிழலில்தான் அவனவனுக்குத் தெரிகிறது. பனித் துளிகள் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவதால் அப்படி. யார் பார்க்கிறார்களோ அவர்கள் கண்ணைச் சுற்றித்தான் அந்த வட்டம் அமையும். தோளோடு தோள் ஒட்டி நின்றபோதுதான் இரண்டு தலையையும் சேர்த்து அந்த வண்ணம் சூழ்ந்த மாதிரி தெரிந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றோம் என்று தெரியாது. போட்டோ எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

இதே காட்சியைப் பார்த்துத்தான் சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளருக்கு வாழ்நாள் வேலையே கிடைத்தது, தெரியுமா? 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் சில நாள் வேலை பார்த்தார். மேகத்தில் விழுந்த நிழலையும் அதைச் சுற்றிய வண்ணங்களையும் அங்கே கண்டவர், அதைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க ஆசைப்பட்டு, கண்ணாடிக் கலத்துக்குள் செயற்கையாக மேகம் வரவழைத்தார். அந்த மேகக் கலத்தில் அணுத் துகள்கள் போகிற தடம் கண்ணுக்குத் தெரிந்தது. 1927இல் நோபல் பரிசு. இதை நான் நெட்டையனிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். பாதிக் கதையில் திரும்பிப் பார்த்தால், அவன் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வருகிறான். வாயசைவைப் படிக்கிறான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஓடையில். முகட்டைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் ஒரு ஓடை வரும், அங்கே தண்ணீர் பிடித்துக்கொள்வதாகத் திட்டம். அதற்குள் பனி மேலேறி எங்களை மூடிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் இடது கைப்பக்கம் தெளிவாகக் கேட்டது. அவன் முன்னால் போனவன், நின்றான். "கேட்கிறது" என்று சொல்லிவிட்டு வலது பக்கமாக இறங்க ஆரம்பித்தான். அங்கே பாதையே இல்லை, வழுக்குப் பாறை. நான் கத்தினேன். நின்று, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டான்: "எந்தப் பக்கம்டா கேட்குது?"

சத்தம் வருகிற திசையை நாம் இரண்டு காதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஒரு காதில் முந்தியும் மறு காதில் பிந்தியும் விழுகிறது, அந்த வித்தியாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூளைக்கு அது போதும். ஒரு காது போய்விட்டால் சத்தம் உண்டு, திசை கிடையாது. எல்லாமே கேட்கிற காதுப் பக்கம் இருப்பதாகவே படும்.

ஓடைக்கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஒரு நாள் காலையில் எழுந்தால் இடது காதுக்குள் இரைச்சல், வெளிச் சத்தம் எதுவும் இல்லை. சளி பிடித்திருக்கிறது, அழுக்கு அடைத்திருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு மாதத்தை ஓட்டிவிட்டான். மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே "ஏன் அன்றைக்கே வரவில்லை?" என்பதுதானாம். இப்படித் திடீரென்று ஒரு காது போனால் அது அவசரம். முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம், நாள் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும். உன் வீட்டிலும் எல்லோரிடமும் இதைச் சொல்லி வை. நிறைய பேர் அவனைப் போலத்தான் காத்திருந்து கெடுத்துக்கொள்கிறார்கள்.

போன் விஷயமும் அதுதான். வலது காதில் வயதுக்குரிய மந்தம் வந்துவிட்டது. மந்தம் முதலில் வருவது கூர்மையான ஒலிகளில். ச, ஸ, த எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். நேரில் முகத்தைப் பார்த்து அதைச் சமாளிக்கிறான், போனில் முடியவில்லை. இன்னொரு காதில் ஓயாத இரைச்சல் வேறு. நீ உற்சாகமாகப் பேச ஆரம்பித்தால் எவ்வளவு வேகமாகப் பேசுவாய் என்று உனக்கே தெரியும். "அவன் சிரிப்பது மட்டும் புரியுது, எதுக்குச் சிரிக்கிறான்னு புரியல. எத்தனை தடவைதான் திருப்பிக் கேட்பது?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதற்கப்புறம் நடை மாறிவிட்டது. அகலமான இடத்தில் நான் அவனுக்கு வலப்பக்கம். ஒற்றையடிப் பாதை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவது. பின்னால் வருகிறவன் சொல்வது அவனுக்கு எட்டாது, திரும்பித் திரும்பிப் பார்த்து நடந்தால் கால் இடறும். நான் கொண்டுபோயிருந்த விசில் அவனுக்குக் கேட்கவே இல்லை. ஆகவே கைத்தடியை உயர்த்தினால் நில், பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் போ என்று பேசிக்கொண்டோம். இத்தனை காலமாக மலையில் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தவன் நான். அன்றைக்கு ஒற்றையடிப் பாதையில் பேசாமல் நடந்தபோது அடுத்து என்ன பேசலாம் என்று நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது. அகலம் வந்ததும் நான் சொன்ன விஷயமும் வீண் பேச்சாக இல்லை. இனிமேல் எல்லா நடையிலும் இப்படியே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

உச்சியை நாங்கள் தொடவில்லை. இன்னும் 150 மீட்டர் ஏற்றம்தான் பாக்கி, மணி பன்னிரண்டு ஆகவில்லை, குறித்த நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் வானத்தைப் பார்த்தான். எதிர் மலைக்கு மேலே வெள்ளையாக நின்ற மேகம் அரை மணி நேரத்தில் இரண்டு மடங்கு உயரமாகிவிட்டதைக் காட்டினான். வெயிலில் சரிவுகள் சூடேறினால் அதை ஒட்டிய காற்று மேலே கிளம்பும், நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி கணக்கில் குளிரும், ஈரம் மேகமாகும். அது இப்படி விளிம்பு கூர்மையாக, காலிஃபிளவர் மாதிரி பொங்கிக்கொண்டு மேலே போனால் இடி வர வாய்ப்பு அதிகம். அடிப்பாகம் ஏற்கெனவே கறுத்திருந்தது. "திரும்புவோம்" என்றான், நான் மறு பேச்சு பேசவில்லை. அவன் கணித்தது சரி. முகட்டைவிட்டு இறங்கிக் காட்டின் அடர்ந்த பகுதிக்குள் வந்து கொஞ்ச நேரத்தில் முதல் மின்னல். எண்ணினேன், பன்னிரண்டு வினாடி கழித்து இடி. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர், ஆக நாலு கிலோமீட்டர் தூரம். முப்பது வினாடிக்குள் இடி கேட்டாலே வெட்டவெளியில் இருக்கக் கூடாது என்பார்கள், நாங்கள் இன்னும் மேலே இருந்திருந்தால் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் அவனாகத்தான் இருந்திருப்பான். உயர்ந்த மரங்களை ஒட்டாமல், குட்டை மரங்கள் நெருங்கி நின்ற ஒரு தாழ்வில், ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளிக் குந்தினோம். மின்னல் தாக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து விழக் கூடாது, ஒருவனாவது மற்றவனுக்கு உதவ இருக்க வேண்டும். இடி அவனுக்குக் கேட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் தடியால் திசையைக் காட்ட, அவன் விரலை மடக்கி வினாடியைக் காட்டினான். பன்னிரண்டு, ஒன்பது, பதினைந்து, இருபத்திரண்டு. போய்விட்டது. கடைசி இடிக்கு அப்புறமும் அரை மணி நேரம் காத்திருந்துதான் எழுந்தோம்.

இறக்கத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், உன் மூட்டுக்காக. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். உடம்பைப் பதம் பார்ப்பது இறக்கம். ஒவ்வொரு எட்டிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே முழு எடையையும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். எனக்கு திங்கட்கிழமை படியில் இறங்க முடியவில்லை. எட்டுகளைச் சின்னதாக வை, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வை, இரண்டு கையிலும் தடி வைத்துக்கொள். ஒற்றைத் தடி போதாது.

இதையெல்லாம் எழுதுவது நீ வர வேண்டும் என்பதற்காகத்தான். மழை முடிந்ததும் அதே மலையின் அடிவாரத்திலிருந்து போகிற வனப்பாதையில் நடக்கலாம் என்று நெட்டையனிடம் பேசிவிட்டேன். 12 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர்கூட இல்லை, உன் மருத்துவர் தடுக்க மாட்டார். ஜீப் போகிற அகலம் என்பதால் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். அவன் இடது ஓரம், நீ நடுவில், நான் உனக்கு வலப்பக்கம். நீ பேசும்போது அவன் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசு, மெதுவாகப் பேசு, கத்தாதே. கத்தினால் வார்த்தை இன்னும் கெடுகிறது என்கிறான்.

அதுவரைக்கும் அவனுக்கு போன் செய்யாதே, எழுது. நீளமாக எழுது. நீ இரண்டு மாதமாக போனில் சொல்ல நினைத்ததெல்லாம் அவனுக்குத் தெரியாது, பேத்தி பிறந்ததுகூட என் மூலமாகத்தான் தெரியும். எந்த வாரம் தோதுப்படும் என்று எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் நண்பன்