தோலோடு சேர்த்துக் காலையும் பார்த்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பாவுக்கு வந்தது புல்லஸ் பெம்பிகாய்டு. பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய். தோலின் மேலடுக்கை அடியடுக்கோடு பிடித்து வைத்திருக்கும் புரதங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்க, பெரிய பெரிய நீர்க்கொப்புளங்கள் கிளம்பிவிடுகின்றன. ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தெருவில் இதை எடுத்துச் சொல்லி, வீட்டுக்கு ஆள் வரத்து நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர் எதிர்வீட்டு அக்கா. படுக்கைத் துணி புண்ணில் ஒட்டாமலிருக்கத் தினமும் வாழை இலை அறுத்துக் கொடுத்ததும் அவர்தான். நன்றி அக்கா.

லேபில் வேலை பார்க்கும் தங்கைக்கு. மாதக்கணக்கில் வெறும் அரிப்பு என்றே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் ரத்தம் அது. இயோசினோபில் 20 சதவீதத்துக்கு மேல் என்று மெஷின் காட்டியது. 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய ரத்த வெள்ளையணு அது. நீங்கள் அதை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிடவில்லை. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்த்து, ரிப்போர்ட் ஓரத்தில் பேனாவால் குறித்து, "இன்னிக்கே தோல் டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றீர்கள்.

தோல் டாக்டர் அம்மா, கொப்புளத்திலிருந்து ஒரு துணுக்கும் பக்கத்து நல்ல தோலிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்து அனுப்பி நோயை உறுதி செய்தீர்கள். சர்க்கரைக்கு அப்பா சாப்பிட்டு வந்த வில்டாகிளிப்டின் இந்த நோயைத் தூண்டக்கூடும் என்று, சர்க்கரை டாக்டரிடம் பேசி மாற்றவும் வைத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. இந்த நோயில் தோலுக்குள் கூடும் இயோசினோபில்கள், ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணியையும் சுமந்து வருகின்றன. நோய் உக்கிரமாக இருக்கும்போது கால் சிரையில் ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து கூடுகிறது, படுத்தே கிடந்தால் இன்னும் கூடும் என்று எங்களை உட்கார வைத்துச் சொன்னீர்கள். மிலான் நகரத்து ஆய்வாளர்கள் கொப்புள நீரிலேயே உறைதலின் தடயங்களைக் கண்டதையும் சொன்னீர்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் போர்வையை விலக்கிக் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

அதனால்தான் இடது கால் கனக்கிறது என்று அப்பா முனகிய ராத்திரி நாங்கள் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அன்று டூட்டியில் இருந்த தம்பி, முழங்காலுக்குக் கீழே 10 செ.மீ. குறித்துக்கொண்டு டேப்பால் இரண்டு காலையும் அளந்தார். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல். உடம்பில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கோடிகாட்டும் டி-டைமர் அளவும் ஏறியிருந்தது. "வயசுக்கும் ஏறும், இந்த நோய்க்கே ஏறும், இதை மட்டும் நம்ப முடியாது" என்று சொல்லி, அந்நேரத்திலேயே சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு ஆளை எழுப்பினார். தொடைச் சிரையில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்கு ஏறுவதற்குள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டாகிவிட்டது. அந்தத் தம்பிக்கும், தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஸ்கேன் டாக்டருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வார்டு சிஸ்டர்களே, வயிற்றில் கொப்புளம் இல்லாத இடமாகத் தேடித் தேடி அந்த ஊசியைப் போட்டீர்கள். பிளாஸ்திரி ஒட்டினால் தோலே உரிந்து வந்துவிடும் என்று, கை ஊசியைக்கூட துணிக் கட்டால்தான் சுற்றினீர்கள்.

இப்போது புதுக் கொப்புளம் இல்லை, இயோசினோபிலும் இறங்கிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஓடுகிறது. எப்போது நிறுத்தலாம் என்பதை அடுத்த ஸ்கேன் பார்த்துச் சொல்வார்கள். அன்றைக்கு உங்கள் எல்லோரையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.