கலாவுக்கு, மாயன்கள் எங்கயும் காணாம போகல

அன்புள்ள கலா,

உன் மெயில் வந்துச்சு. அண்ணாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவ பிஎட் சேர்ந்துட்டா, இவருக்கும் சுகர் கட்டுப்பாட்டுல இருக்கு.

நான் கொஞ்ச நாளா மாயன் நாகரிகம் பத்திதான் படிச்சிட்டு இருக்கேன், மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் பெரிய பெரிய ஊரா கட்டி வாழ்ந்தவங்க. நீ கேட்டிருந்தியே, திடீர்னு மாயமா மறைஞ்சு போன ஜனங்கதானே அவங்கன்னு. எல்லாரும் அப்படித்தான்டி சொல்றாங்க, எனக்கு அதுலதான் மனசு ஆறல. போனது ராஜாக்கள், ஜனங்க இல்ல.

திக்கால் ஊரையே எடுத்துக்கோ, குவாத்தமாலா காட்டுக்குள்ள இருக்கு. பக்கத்துல ஆறே கிடையாது, கீழ பூரா சுண்ணாம்புப் பாறை, பெய்யுற மழை அப்படியே உள்ள இறங்கிடும், வருஷத்துல சில மாசம் மழையும் இருக்காது. அங்க போய் ஆயிரக்கணக்கான பேர் எப்படி வாழ்ந்தாங்கன்னா, கோயில் முன்னாடி இருக்கிற பெரிய முற்றத்தையெல்லாம் சுண்ணாம்புச் சாந்து பூசி, லேசா சரிவு வச்சு, விழுற தண்ணி மொத்தமும் குளத்துக்கு ஓடுற மாதிரி ஊரையே கட்டியிருக்காங்க! கி.பி. 695ல ஹசாவ் சான் கவீல்னு அந்த ஊர் ராஜா, பரம எதிரியான கலக்முல்ங்கிற இன்னொரு மாயன் ஊரை ஜெயிச்சாரு, அவர் சமாதி மேல நிக்கிற கோயில் சுமார் 47 மீட்டர் உசரம். ராஜான்னா சும்மா இல்ல, சாமிகிட்ட பேசி மழையை வரவைக்கிறதே அவர்தான்னு ஜனங்க நம்பினாங்க. அவ்வளவு கல்லு சுமந்ததும் மக்காச்சோளம் கொண்டுவந்து கொட்டினதும் அந்த நம்பிக்கையிலதான்.

அப்புறம் மழை பொய்க்க ஆரம்பிச்சுது. மெக்சிகோவுல யுகடான்ங்கிற பகுதியில சிச்சன்கனாப்னு ஒரு ஏரி, அதோட அடி மண்ணைத் தோண்டி எடுத்துப் பார்த்ததுல 800லேர்ந்து 1000 வரைக்கும் விட்டுவிட்டுக் கடும் வறட்சின்னு தெரிஞ்சுது. திக்கால் அரண்மனை பக்கத்துக் குளங்களோட வண்டல்ல பாதரசமும் விஷப் பாசியும் இருந்ததா 2020ல ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க, சுவத்துக்குப் பூசின சிவப்புச் சாயம் மழையில கரைஞ்சு வந்த பாதரசமாம். குடிக்கிற தண்ணியே கெட்டா எந்த ராஜாவை யார் நம்புவா சொல்லு.

ஆனா வறட்சி மட்டும்தான் காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன், சண்டை அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. தோஸ் பிலாஸ்ங்கிற ஊர்ல 760 வாக்குல எதிரிக்குப் பயந்து அரண்மனைக் கல்லையே பேத்து அவசர அவசரமா மதில் கட்டியிருக்காங்க. ஹோண்டுராஸ்ல இருக்கிற கோபான்ல 822ஆம் வருஷத்துக் கல் ஒண்ணு இருக்கு, புது ராஜா பட்டத்துக்கு வர்றதைச் செதுக்க ஆரம்பிச்சு ஒரு பக்கம் முடிச்சாங்க, மத்த பக்கங்க முடியவே இல்ல. அதைச் செதுக்கினவர் எங்க போயிருப்பாருன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். அவருக்கும் புள்ளைங்க இருந்திருக்கும், எங்கயோ நிலம் உழுது பிழைச்சிருப்பாரு. திக்கால்ல தேதி போட்ட கடைசிக் கல் 869. அதோட தெற்குல ஊருங்க காலியாச்சு, வடக்குல சிச்சென் இட்சா மாதிரி ஊருங்க பெருசாச்சு. ஸ்பெயின்காரங்க வந்த அப்புறமும் குவாத்தமாலா ஏரித்தீவு ஒண்ணுல மாயன் அரசு 1697 வரைக்கும் நின்னுருக்கு!

இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. 1562ல மானிங்கிற ஊர்ல தியேகோ தே லாந்தாங்கிற ஸ்பெயின் பாதிரியார் அவங்க புத்தகங்களைக் குவிச்சு வச்சு எரிச்சாரு, இன்னைக்கு உலகத்துல மிஞ்சியிருக்கிறது நாலே நாலு. பூஜ்யத்தை வச்சுக் கணக்குப் போட்ட ஜனங்கடி, எவ்வளவு எழுதி வச்சிருப்பாங்க! எனக்கு அதைப் படிச்ச அன்னைக்குத் தூக்கமே வரல. அதோட போச்சா, 1960லேர்ந்து 1996 வரைக்கும் குவாத்தமாலா உள்நாட்டுப் போர்ல செத்தவங்க, காணாம ஆக்கப்பட்டவங்க சுமார் 2 லட்சம் பேர், அதுல பெரும்பாலும் மாயன்கள். இத்தனைக்கும் அப்புறம் இன்னைக்கும் லட்சக்கணக்கான பேர், கிட்டத்தட்ட 30 மாயன் மொழிகள்ல பேசிக்கிட்டு, சோளம் போட்டுக்கிட்டு அங்கயேதான் இருக்காங்க. உயிரோட இருக்கிறவங்களைப் போய் மறைஞ்சுட்டாங்கன்னு பாடத்துல வைக்கிறது நியாயமே இல்ல.

சரி, சின்னவளுக்கு ஒரு வரன் வந்திருக்கு, படிப்பு முடியட்டும்ங்கிறா. நீ என்ன சொல்ற, எழுது.

உன்
வசந்தி