சாவி பேரன் கையில்

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்போனால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரமாகக் கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்கள் என் வயதுக்காரர்கள் என்பது வாசித்தாலே தெரிகிறது. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் படுகிற குறை வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாராவியிலிருந்து மணியார்டர் வரும், துபாயிலிருந்து டிராஃப்ட் வரும். கூடவே வரும் கடுதாசியைப் பிரித்து வாசித்துக் காட்டுவதும், வீட்டுக்காரர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் எங்கள் சோலியோடு சேர்த்திதான். செல்போன் வந்த புதிதில், வருகிற அழைப்புக்கும் காசு பிடித்தார்கள். 2003க்குப் பிறகுதான் அது இலவசம் ஆயிற்று. அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் மிஸ்டு கால்தான் பாஷை. ஒரு ரிங் விட்டால் ஊர் போய்ச் சேர்ந்தாச்சு, இரண்டு விட்டால் திருப்பிக் கூப்பிடு. 2016க்கு மேல் நெட் மலிவாகி, அந்தக் கணக்கெல்லாம் மறந்தே போய்விட்டது.

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற ஒரு அம்மாவின் மகன் துபாயில் இருக்கிறான். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், பேச முடியாது. அதனால் 'போட்டிம்' என்ற செயலியில்தான் கூப்பிடுவான். மடியில் சுளகு, சுளகின் ஓரத்தில் நூல்கண்டு, அதில் சாய்த்து வைத்த போன். இங்கே இரவு பத்தரை என்றால் அங்கே ஒன்பது. அவன் ரூமில் வெங்காயம் நறுக்குவான், இவள் இலை வெட்டுவாள். பாதி நேரம் இரண்டு பேரும் பேசக்கூட மாட்டார்கள். நடுவில், "அடுப்பைக் குறைல, கருகுது பாரு" என்பாள். இது குடும்பத்துக்குக் கெடுதல் என்று யார் வந்து சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் அதே அம்மாவுக்கு அந்தப் போனில் பச்சைப் பொத்தானை இழுக்க மட்டும்தான் தெரியும். சிலிண்டர் இறக்க வருகிறவர் கேட்கிற நம்பர் அதில்தான் வருகிறது. பேங்க் கணக்கும் ஆதாரும் அந்த நம்பரோடுதான் கட்டுண்டு கிடக்கின்றன. இலையிலும் தூளிலும் கிடந்து விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு மெஷினில் கைநாட்டு விழுவதே பாடு. அப்போதும் ஓடிபிதான் கதி. அதைப் பார்த்துச் சொல்ல ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பேரன் வேண்டும். அவன் பள்ளிக்கூடம் போயிருந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு வருவாள். "அண்ணாச்சி, என்னமோ வந்துருக்கு, கேஸா பேங்கான்னு பாத்துச் சொல்லுங்க." கடுதாசியாவது சாயங்காலம் வரை காத்திருக்கும். இது சில நிமிஷத்தில் செத்துப்போகும்.

பையன் போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான் என்று குறைப்படுகிறோமே, வைக்க விடுகிறோமா? ரீசார்ஜ் அவன், கரண்ட் பில் அவன், தாத்தாவுக்கு ஆஸ்பத்திரி டோக்கன் அவன். 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடி, பாடத்துக்கென்று கையில் போனைக் கொடுத்தவர்களும் நாம்தான். வீட்டுக் கணக்குப்பிள்ளை வேலை முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குப் போனைப் பிடுங்கினால் அவன் முறைக்கத்தான் செய்வான். கேம் விளையாடுவதை நான் நல்லது என்று சொல்லவில்லை. அதைக் கண்டிக்கிற தகுதி, போனை நாமே கையாளத் தெரிந்தால்தான் வரும்.

தெரியாமல் இருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. ரீசார்ஜ் போடாமல் விட்டுக் கம்பெனிக்காரன் நம்பரைத் துண்டித்தால், 90 நாள் கழித்து அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். பேங்கில் சொல்லி மாற்றாவிட்டால் உங்கள் ஓடிபி அவனுக்குப் போகும். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு மிரட்டுகிறார்களே, நம் சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது. போனில் பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பர் (PIN) போட வேண்டியதில்லை, கொடுப்பதற்குத்தான் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பணம் கைமாறிப் போய்விடும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18இல் மழை கொட்டித் தாமிரபரணி பெருகியதே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு ரயில் நின்றது. கரண்டும் இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை. யாரோ ஒருவர் போனில் சார்ஜ் இருந்து "இந்தாங்க, வீட்டுக்குப் பேசுங்க" என்று நீட்டினாலும், பெற்ற மகன் நம்பர் எத்தனை பேருக்கு மனப்பாடம்? இப்போது எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில், தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில், வேண்டியவர்கள் நம்பரைக் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். மருமகளுக்குச் சுவர் பாழாயிற்றே என்று வருத்தம்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அந்த வாரம் என்ன புது ஏமாற்று கிளம்பியிருக்கிறது, எந்த மெசேஜுக்கு என்ன அர்த்தம் என்று பெரிய எழுத்தில், படத்தோடு, எங்களைப் போன்றவர்களுக்காகப் போடுங்கள். சினிமாப் பக்கத்தில் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதைத்தான் எல்லாரும் போனிலேயே பார்த்துவிடுகிறார்களே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.