இரண்டு மணிக் கட்டம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தேவ கிருபையால் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். கீழத்தெரு டீச்சர் மகன் இருபதாம் தேதி மான்செஸ்டர் வருகிறான். அங்கிருந்து லீட்ஸ் பக்கம்தானாம், கொண்டுவந்து தருகிறேன் என்றான். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ, சுக்கு, இட்லிப் பொடி வைத்திருக்கிறேன். மக்ரூன் வாங்கவில்லை, போன தடவை தூளாகத்தான் வந்து சேர்ந்தது என்றாய். கடிதத்தையும் அதோடு வைக்கிறேன். உறையைப் பசை போட்டு ஒட்டித்தான் கொடுக்கிறேன். போனில் என்றால் நீ "சரிம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அம்மாவிடம் பேச எங்கே தெம்பு இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு பாப்பா. டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது தூங்கிவிடாதே.

ஊரில் மழை இல்லை. அண்ணன் வீட்டுப் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. கோவில் ஆசன விருந்துக்குப் புதுப் பாத்திரம் வாங்கியிருக்கிறார்கள்.

இந்த மாதம் சங்கிலி ஜெபம் நல்லபடியாக முடிந்தது. வெள்ளி சாயங்காலம் 6 மணிக்குப் போதகர் மனைவி ஐயரம்மா தொடங்கினார்கள், சனி சாயங்காலம் 6 மணிக்கு எல்லோரும் கோவிலில் கூடி முடித்தோம். மணிக்கு ஒரு கட்டமாக 24 கட்டத்தில் 23 நிரம்பியிருந்தது.

நீ கோடு போட்ட தாள்தான் இன்னும் கோவில் வெஸ்ட்ரி அறையில் தொங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்காமல் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து நீ 24 கட்டம் போட்டதும், நான் சத்தம் போட்டதும் நினைவிருக்கிறதா? அந்தத் தவக்கால லெந்துக் கூட்டத்தில் அப்போதைய போதகர் ஐயர் ஜெர்மனி நாட்டு ஹெர்ன்ஹூட் ஊரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, "அம்மா, அங்கே 24 ஆம்பிளை, 24 பொம்பிளை, ஆளுக்கு ஒரு மணி நேரம் ஜெபித்தார்களாம். நம்மால் மாதத்தில் ஒரு நாள் முடியாதா?" என்று கேட்டாய். நம்மிடம் 48 பேருக்கு எங்கே போவது என்றேன். இருப்பவர்கள் போதும் என்றாய். யார் கைக்குழந்தைக்காரி, யாருக்குக் காலையில் பீடிக் கட்டு ஒப்படைக்க வேண்டும், யாருக்குச் சர்க்கரை மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்று வீடு வீடாய்க் கேட்டு நேரம் பிரித்தாய். ராத்திரிக் கட்டத்தில் தனியாக யாரையும் போடக் கூடாது, பயந்துவிடுவார்கள் என்று இரண்டிரண்டு பேராய்ப் போட்டாய். பதினேழு வயதில் உனக்கு இருந்த அந்தப் புத்தி எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. இதை உன் முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொன்னதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2020-ல் கோவிலைப் பூட்டினபோது எல்லோரும் நின்றுபோகும் என்றார்கள். நீதான் லீட்ஸிலிருந்து வழி சொன்னாய். அவரவர் வீட்டிலேயே ஜெபிக்கட்டும், நேரம் முடிந்ததும் அடுத்த ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும், அதுதான் சங்கிலி என்றாய். நம் ஊரில் யாரும் எடுக்கத் தயங்குகிற ராத்திரி இரண்டு மணியை நீயே எடுத்துக்கொண்டாய். எனக்கு அங்கே ஒன்பதரைதான் ஆகும் அம்மா, நான் விழிக்கவே வேண்டாம் என்றாய். இரண்டு மணிக்கு, கோவில் வேலை பார்க்கிற கோவில்குட்டியார் மனைவி உனக்கு அடிப்பாள். மூன்று மணிக்கு நீ எனக்கு அடிப்பாய். வாட்ஸ்அப்பில் உன் படத்தோடு போன் இரண்டு தடவை அதிர்ந்து நிற்கும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு உட்காருவேன்.

மூன்று மாதமாக அது அடிக்கவில்லை. பரவாயில்லை, ஷிப்ட் மாறியிருக்கும். கோவில்குட்டியார் மனைவியிடம் இரண்டு மணிக்கு எனக்கே அடிக்கச் சொல்லிவிட்டேன். இரண்டிலிருந்து நான்கு வரை நானே உட்கார்ந்துகொள்கிறேன். உன் பெயரை அழிக்கவில்லை. ஜெபச் சங்கத்துச் செயலாளரம்மா வேறு ஆள் போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

ஆனால் உன் தோழி கல்யாணத்துக்கு வாழ்த்துப் போட உனக்கு நேரம் இருந்ததாம், அண்ணி காட்டினாள். சின்ன அத்தைக்குப் பிறந்தநாள் சொல்லியிருக்கிறாய். சந்தோஷம்தான். எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. சரி, விடு. நீ படத்தில் மெலிந்து தெரிகிறாய். சாப்பிடுகிறாயா?

அங்கே ஜெபிக்க ஒரு ஆளை வைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உன் வார்டில் மலையாளத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவளோடு வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் உட்காரு. பெரிய கூட்டம் வேண்டாம். ஒரே ஒரு ஆள், கேட்டதை வெளியே சொல்லாத, வாயைக் கட்டின ஆளாக.

வாயைக் கட்டின ஆள் என்று நான் எழுதுவது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

போன ஞாயிறு ஐயர் மறுபடியும் ஹெர்ன்ஹூட்டைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். அவர்கள் 1727 ஆகஸ்ட் 27-ல் தொடங்கிய ஜெபம் நூறு வருஷத்துக்கு மேல் விடாமல் நடந்ததாம். மொரேவியர் என்கிற அந்த ஹெர்ன்ஹூட்காரர்களில் சிலர் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றையும் இந்தத் தடவை சொன்னார். அந்த ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் அந்த ஊரே இரண்டுபட்டுக் கிடந்ததாம். அடைக்கலம் தேடி வந்தவர்கள், ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு, இடம் கொடுத்த சின்சென்டார்ஃப் பிரபுவையும் தூற்றிக்கொண்டு இருந்தார்களாம். மே மாதம் கூடி ஒரு ஒழுங்குக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்ட் 13-ல் நற்கருணையில் ஒப்புரவானார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் மணிக்கணக்கு ஜெபம். நாம் மணிக்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம், முன்னால் நடந்ததை விட்டுவிட்டோம் என்றார். எனக்கென்றே சொன்னது போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார்.

பாப்பா, வைகாசியில் நீ அழுதுகொண்டே போனில் சொன்ன காரியத்தை நான் நோட்டில் எழுதினேன். நீ யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னாய். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாய். நான் ஜெபக் குறிப்பு நோட்டில் உன் பெயர் போட்டு, அதற்கு நேரே காரியத்தையும் எழுதினேன். வெள்ளிக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று வாசித்தேன். யாரோ ஒருத்தி நோட்டைப் படம் எடுத்து, வராதவர்களும் ஜெபிக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமை இருட்டுவதற்குள் அது நாசரேத்தில் உன் மாமியாரின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் உனக்குப் போன் போட்டு ஆறுதல் சொன்னார்களாம். எந்த நேரத்தில் சொன்னார்கள், நீ அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. வார்டில் நின்றிருப்பாயோ என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை.

ஜெபத்துக்காகத்தானே சொன்னேன் என்று இரண்டு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். உண்மை அது இல்லை பாப்பா. அன்றைக்கு நான் வாசித்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என் கையைப் பிடித்து அழுதார்கள். ஐயரம்மா என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். அது எனக்கு இதமாக இருந்தது. உன் வேதனையைக் கொண்டுபோய்க் கொடுத்து எனக்கு ஆறுதல் வாங்கிக்கொண்டேன்.

யாக்கோபு நிருபத்தில் ஐந்தாம் அதிகாரம், "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் உனக்கு மனப்பாடம் செய்ய வைத்தவளே நான்தான். உங்கள் குற்றங்களை என்றுதான் இருக்கிறது. மகள் காரியத்தை என்று இல்லை. இத்தனை வருஷம் வாசித்தும் கண்ணில் படவில்லை.

ஜூலைக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லிவிட்டேன். உன் காரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான் செய்ததை மட்டும் சொன்னேன். என்னிடம் காரியம் சொன்னவர்கள் எத்தனை பேரோ, அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். பழைய நோட்டை வெஸ்ட்ரி அலமாரியில் பூட்டியாகிவிட்டது, சாவி ஐயரிடம். புது நோட்டில் மூன்றே பத்தி: பெயர், தேதி, ஸ்தோத்திரம். காரியத்துக்கு இடமே கிடையாது. சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் பெயரும் ஏறாது. நோட்டைப் படம் எடுக்கக் கூடாது. யாருக்காவது காரியத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் மூன்று பேர் கொண்ட குழுவில் அவரே சொல்லலாம், வேறு யாரும் அவருக்காகச் சொல்லக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு மூவரை மாற்றலாம் என்றார்கள். வேண்டாம், நம்பிக்கை வர அதற்கு மேல் நாள் ஆகும் என்றேன். ஒரு வருஷம் என்று முடிவாயிற்று.

செயலாளரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. காரியம் தெரியாமல் பாரத்தோடு எப்படி ஜெபிப்பது, வெறும் பெயரை வைத்துக்கொண்டு என்ன கேட்பது என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது மேலவீட்டு ஆச்சி தன் டப்பாவைத் திறந்து காட்டினார்கள்.

ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது, உனக்குத் தெரியுமே. காலை நாலு மணிக் கட்டம் அவர்களுடையது. டப்பா நிறையப் புளியமுத்து. முத்துக்கு ஒரு பெயர். ஒவ்வொன்றாய் எடுத்து, பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்று மடியில் போடுவார்களாம். எல்லாம் மடிக்கு வந்ததும் மறுபடி டப்பாவுக்கு. அப்படியே ஐந்து மணி ஆகிவிடுமாம். யாருக்கு என்ன வியாதி, யார் வீட்டில் என்ன சண்டை என்று ஆச்சிக்கு ஒன்றுமே தெரியாது, யாரையும் கேட்டதும் இல்லை. உன் காரியத்தை நான் வாசித்த அன்றைக்குக் காது மந்தத்தில் அவர்களுக்கு விளங்கவில்லை, அதற்குப் பிறகும் என்னவென்று கேட்கவில்லை. உன் முத்து தனியாக, கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை, தேடிப் பிடிக்க லேசாக இருக்கட்டும் என்றார்கள்.

உன் பாட்டி உலை வைக்கும் முன் தினம் ஒரு பிடி அரிசி எடுத்து மிஷனெரி ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவாளே, அந்தப் பானை நினைவு வந்தது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, முன்பின் பார்க்காத தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த ஊழியர்கள் யார், அவர்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று பாட்டி கண்டாளா? பிடி அரிசி போடும்போது ஒரு ஜெபம், அவ்வளவுதான். பானை கொள்ளாமல் நிறைந்திருக்கும்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் கையால் எழுதுகிறேன். மன்னித்துக்கொள் பாப்பா. அந்தக் காரியம் இப்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. மாப்பிள்ளையிடம் ஒருவேளை என்னால் உனக்குப் பேச்சு வந்திருந்தால், இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. காட்டாமல் இருந்தாலும் வருத்தப்பட மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணி அழாதே. ராத்திரி டியூட்டிக்குப் போகிற நாளில் படிக்காதே. சாப்பிட்டுவிட்டுப் படி. கம்பளிச் சாக்ஸ் கிழிந்திருந்தால் சொல், அண்ணன் தூத்துக்குடி போகும்போது வாங்கச் சொல்கிறேன். மலையாளத்துப் பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வாரம் பத்து நிமிஷம், ஒரே ஒரு ஆள், மறந்துவிடாதே.

அடுத்த மாதமும் முதல் வெள்ளிதான். இரண்டு மணிக்குக் கோவில்குட்டியார் மனைவி எனக்கு அடிப்பாள், நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். உங்கள் ஊர்க் கடிகாரம் மாறுவதைப் பற்றி நீ எழுதி ஒட்டிய சீட்டைப் பழைய நோட்டிலிருந்து பிரித்துப் புது நோட்டு அட்டையில் ஒட்டியிருக்கிறேன். அக்டோபர் கடைசி வரைக்கும் ஒன்பதரை, அதற்குப் பிறகு எட்டரை.

கருப்பட்டியை டப்பாவில் போட்டு இறுக மூடி வை. ஈரம் பட்டால் இளகிவிடும்.

அம்மா