நேரத்தோடு சொல்லிவிடுங்கள், டாக்டர்

டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வார்டு பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். உங்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும் தனியார் ஆம்புலன்ஸ்களில் ஒன்று என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாகத் திருவாரூர், நன்னிலம், மயிலாடுதுறைப் பக்கம் ஓட்டுகிறேன். என் சவாரிகளில் பாதி, நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது: "வீட்டுக்குக் கொண்டுபோங்க."

அதற்கு அர்த்தம் தெரியாத ஆள் எங்கள் பக்கம் இல்லை. அதை எந்த நேரத்தில் சொல்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

வெளியில் செத்தவரை வீட்டுக்குள் ஏற்றாத தெருக்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. வாசல் பந்தலோடு சரி. அதனால்தான் மூச்சு இருக்கும்போதே படி தாண்டிவிட வேண்டும் என்று ஆக்சிஜனோடு பறக்கச் சொல்கிறார்கள். மூடநம்பிக்கை என்பீர்கள், இருக்கட்டும். படி தாண்டிய பிறகு நடப்பதையும் கேளுங்கள். ஒவ்வொருவராக வந்து வாயில் பால் விடுவார்கள். அப்படியும் இழுத்துக்கொண்டே கிடந்தால் மண்ணாசை என்று வயல் மண்ணைக் கரைத்துக் கொடுப்பார்கள். பொன்னாசை என்று நகையை உரசிய தண்ணீர். வரப்புத் தகராறில் பல வருஷம் முகம் பாராத தம்பியை ஆள்விட்டு அழைத்து வருவார்கள். அப்படி வந்த ஒருவர் கை நடுங்கப் பால் விட்டதை நான் வாசலில் நின்று பார்த்தேன். இதற்கெல்லாம் ஒரு பகலாவது வேண்டாமா?

நாகூர்க் குடும்பமென்றால் காதருகே கலிமா சொல்லவேண்டும், குர்ஆனிலிருந்து யாசீன் ஓதவேண்டும். வேளாங்கண்ணிப் பக்கமென்றால் ஃபாதர் வந்து நோயில்பூசுதல் கொடுக்கவேண்டும். ஐசியூ கதவுக்கு வெளியே ஃபாதர் எண்ணெய்ச் சிமிழோடு நிற்க, உள்ளே கதை முடிந்ததும் உண்டு. போஸ்ட்மார்ட்டம் கேஸ் என்றால் சீக்கிரம் அடக்கம் செய்யவேண்டிய முஸ்லிம் வீட்டார் விடியவிடிய மார்ச்சுவரி வாசலில் கிடப்பார்கள். வசதியுள்ள மருத்துவமனைகளில் இருட்டிய பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. கொலை, தற்கொலை மாதிரியானவற்றுக்குத்தான் கட்டுப்பாடு. செய்ய முடியுமா முடியாதா என்று சாயங்காலமே சொன்னால் அவர்கள் பிள்ளைகளையாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி கேட்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எமனைக் காலால் உதைத்த சாமி திருக்கடையூரில் இருக்கிறார். அறுபதுக்கும் எண்பதுக்கும் அங்கே போய்த்தான் மறுபடி தாலி கட்டிக்கொள்கிறோம். ஸ்ரீவாஞ்சியத்திலோ அதே எமனுக்குத் தனிச் சந்நிதி. அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சிவனிடம் போகவேண்டும். என் வண்டியில் ஏறும் குடும்பங்களும் இப்படித்தான். மூத்த மகன் திருக்கடையூர்க் கட்சி, "கடைசிவரைக்கும் பாருங்க சார்" என்பார். கூடவே இருந்து பீ மூத்திரம் அள்ளிய மகள் பெரும்பாலும் ஸ்ரீவாஞ்சியம். நீங்கள் கையெழுத்து வாங்குவது மகனிடம்தான். அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சில வருஷம் முந்தி நடந்தது. ஓர் அம்மாவுக்கு மூன்று நாளாக "பார்க்கலாம்" என்றே சொல்லிவந்தார்கள். நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, கொண்டுபோங்க என்றார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பின்னால், மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பையன் கையை நிறுத்தினான். கண்ணாடியில் பார்த்தேன். "அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். மறுபடி அமுக்க ஆரம்பித்தான்.

வீட்டில் பாட்டி, அக்கா, சித்தப்பா எல்லோரும் வரிசையாகப் பால் விட்டார்கள். கடைவாயில் வழிந்ததைப் பாட்டி முந்தானையால் துடைத்துவிட்டு, "குடிச்சுட்டா, குடிச்சுட்டா" என்றது. பையன் என்னைப் பார்த்தான். நான் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாடகை வாங்கவில்லை.

உங்களுக்கு எத்தனை வார்டு, எத்தனை ராத்திரி டூட்டி என்று வாசலில் நிற்கிற எனக்குத் தெரியும். உயிரைப் பிடித்து வைக்கச் சொல்லவில்லை. தெரிந்ததை, தெரிந்த அன்றைக்கே, உட்காரவைத்துச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன், வராமல் என்ன. பகலிலேயே கூப்பிடுங்கள், கேட் எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர்