துக்க வீட்டுக்குப் போகும் முன்

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் தாத்தா தவறிவிட்டார், மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் அடக்கத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போ. ஒன்றை மட்டும் மறக்காதே: அங்கே அழக்கூடாது. நம் ஊரில் ஒப்பாரி வைக்காவிட்டால்தான் குறை. மங்கோலியாவில், இருப்பவர்கள் விடும் கண்ணீர் ஆறாகப் பெருகிப் போகிறவரின் வழியை மறிக்கும் என்பார்கள். அன்றைக்கு நடப்பதெல்லாம் அந்த வழி அடைபடாமல் இருக்கத்தான்.

'செத்தார்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'புர்ஹான் பொல்சன்' என்பார்கள், புத்தராகிவிட்டார் என்று அர்த்தம். பெயரையும் சொல்லாதே, 'உங்கள் தாத்தா' என்றால் போதும்.

உயிர் பிரிந்ததும் வீட்டார் லாமாவிடம் போய் 'அல்தன் சவ்' திறப்பார்கள். சொல்லுக்குப் பொற்கலம் என்று பொருள். உண்மையில் அது கணித்துச் சொல்லும் ஏடு. இறந்தவர் எந்த விலங்கின் வருஷத்தில் பிறந்தார் (எலி, மாடு, புலி என்று அங்கே வருஷத்துக்கு ஒரு விலங்கின் பெயர்), எத்தனை மணிக்கு உயிர் போனது என்று சரியாகச் சொல்ல வேண்டும். உடலை யார் தொடலாம், எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசையில் கிளம்புவது, எந்தச் சூத்திரம் ஓதுவது, எல்லாம் அதிலிருந்துதான் வரும். நேரம் பிசகினால் கணக்கே பிசகும். குடும்பத்துக்கு இன்னொரு கேடு வரும் என்று பயப்படுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், பாசத்தில்கூட உடலைத் தொடாதே. முகத்தை 'ஹதக்' என்னும் நீலப் பட்டால் மூடியிருந்தால் விலக்கிப் பார்க்கக் கேட்காதே.

பணத்தைக் கவரில் போட்டு, வலது கையால் கொடு. இடது கை வலது முழங்கையைத் தாங்கியிருக்கட்டும். கோட்டுக் கையை மடித்துவிட்டிருந்தால் இறக்கிவிட்டுக்கொள்.

பெரும்பாலும் திங்கள், புதன், வெள்ளி காலையில்தான் எடுப்பார்கள். முன்பெல்லாம் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. நகரத்தில் இப்போது போகிறார்கள், ஆனால் நீயாகக் கிளம்பாதே, கூப்பிட்டால் போ. இந்தக் குளிரில் மண் கல்லாக இறுகியிருக்கும். மேலே நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி வெட்ட முடியும். காத்திருக்க நேரலாம், கம்பளிச் சாக்ஸ் இரண்டாகப் போட்டுக்கொள். குழியை மூன்று முறை வலமாகச் சுற்றிப் பாலும் தானியமும் தெளிப்பார்கள். நம் சாவுச் சடங்கில் இடமாகச் சுற்றும் பழக்கத்தில் கால் எதிர்ப்பக்கம் திரும்பிவிடப் போகிறது, பார்த்துக்கொள்.

மண்ணில் புதைப்பதே அவர்களில் பலருக்குப் புதிதுதான். பழைய முறை 'இல் தவிஹ்', வெட்டவெளியில் கிடத்துவது. ஓநாயும் கழுகும் மூன்று நாளில் தீர்த்துவிட்டால் நல்ல ஆத்மா. உடல் அப்படியே கிடந்தால் லாமாவைக் கூப்பிட்டு மறுபடி ஓதச் சொல்வார்கள். பசித்த உயிருக்கு உடம்பையே தானமாகக் கொடுப்பது அது. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. சோஷலிச ஆட்சி அதை ஒடுக்கிச் சவப்பெட்டியைக் கொண்டுவந்தது. அந்த ஆட்சியின் தலைவர்களான சுஹ்பாத்தர், சொய்பால்சன் இருவரின் உடல்களும் தலைநகர்ச் சதுக்கத்துக் கல்லறை மாளிகையில் இருந்தன. அவற்றையும் 2005இல் வெளியே எடுத்து, லாமாக்கள் முன்னிலையில் எரித்து, அல்தன்-உல்கீ இடுகாட்டில் சேர்த்தார்கள்.

திரும்பும்போது பின்னால் பார்க்காதே. வாசலில் இரண்டு சின்ன நெருப்பு எரியும். நடுவே நடந்து வா. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் 'அர்ஷான்' நீர் இருக்கும், ஜூனிபர் தழை புகையும். கையை நனைத்து, புகையை மேலே வாங்கிக்கொண்டு உள்ளே போ. அர்ஷான் என்பது நம் 'ரசாயனம்', வேதிப்பொருள் என்ற இன்றைய அர்த்தத்தில் இல்லை, அமுதம் போன்ற மருந்து என்ற பழைய அர்த்தத்தில். இறந்தவருக்காகச் செய்வதை 'புயன்' என்பார்கள், அதுவும் நம் 'புண்ணியம்'. இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த சொற்கள்.

பிறகு ஒரு கிண்ணத்தில் வெண்சோறு வரும், வெண்ணெய் மினுமினுக்க, ஊறிப் பருத்த உலர்திராட்சையோடு இனிப்பாக இருக்கும். பசியில்லை என்று தள்ளாதே, ஒரு வாயாவது சாப்பிடு. கிளம்பும்போது தீப்பெட்டி, சோப்பு என்று ஏதாவது கையில் கொடுப்பார்கள். மறுக்காதே, உன் கை வாங்கினால்தான் அவர் கணக்கில் புண்ணியம் ஏறும்.

ஒருவேளை அவர்கள் மேற்கு மங்கோலியாவின் பயான்-உல்கீ மாகாணத்துப் பக்கத்துக் கசாக் இனத்தவர் என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அவர்கள் முஸ்லிம்கள், பெண்கள் புலம்பிப் பாடுவார்கள், 7ஆம் நாளும் 40ஆம் நாளும் முக்கியம். முதலில் அதை விசாரி.

மற்றவர்களுக்குத் துக்கம் 49 நாள். அதற்குள் அந்தப் பெண்ணைப் பிறந்தநாள், பார்ட்டி என்று எதற்கும் கூப்பிடாதே. 49ஆம் நாள் ஓதுவதற்குக் கூப்பிட்டால் லீவு போட்டாவது போ.

அன்புடன்,
அப்பா