எடைமேடைக் கம்ப்யூட்டரைப் பற்றி வசந்திக்கு

கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி போவதும் வருவதுமாக இருக்கிறது. பெரிய மேடம் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பன்னீர்ச் செம்பை இந்த முறை வேறு யாரோ பிடித்தார்கள், ஒரு அசம்பாவிதமும் இல்லை. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், வரட்டும்.

போனில் பேசினால் பாதியிலேயே “சரி சரி, அப்புறம்?” என்று தாண்டிவிடுவாய். இது தாண்டக்கூடாத விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன சீசனில் நம் பக்கத்து மாங்கூழ் ஃபாக்டரி ஒன்றில் கணக்கு ஃபைல்கள் மொத்தமும் பூட்டிக்கொண்டு, பணம் கேட்டுத் திரையில் அறிவிப்பு வந்ததாம். எங்கள் ஓனர் அதைக் கேள்விப்பட்டு, “நமக்கும் அப்படி வருமாம்மா, பார்த்துச் சொல்லு” என்றார். கணக்குப் பார்ப்பவளும் நானே, கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆனால் கூப்பிடுவதும் என்னைத்தான். வருமா வராதா என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல மனமில்லை. திருடன் எப்படி வருவான் என்று தெரியாமல் கதவு பத்திரம் என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் மெட்டாஸ்ப்ளாயிட் படிக்க ஆரம்பித்தேன், கம்ப்யூட்டரில் இருக்கிற ஓட்டைகள் வழியாக நுழைந்து சோதிக்கும் மென்பொருள்.

நீ நெட்வொர்க் வேலையில் ஊறியவள், இதை எப்போதோ தொட்டிருப்பாய். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. எச்.டி. மூர் என்பவர் 2003-ல் பெர்ல் மொழியில் எழுதத் தொடங்கியது, பிறகு ரூபிக்கு மாற்றினார்கள், 2009-ல் ராபிட்7 நிறுவனம் வாங்கியது. ஃப்ரேம்வொர்க் இன்றும் இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது. என் லேப்டாப்பில், ஒரு மெஷினுக்குள் வேறு மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு பக்கம் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ், இன்னொரு பக்கம் மெட்டாஸ்ப்ளாயிடபிள் 2. இந்த இரண்டாவது, அடி வாங்குவதற்கென்றே ஓட்டைகளோடு செய்து வைத்த பழைய உபுண்டு லினக்ஸ். அதை வெளி நெட்வொர்க்கில் வைக்கவே கூடாது. இரண்டையும் லேப்டாப்புக்கு வெளியே போகாத ஹோஸ்ட் ஒன்லி நெட்வொர்க்கில் போட்டு, வீட்டு வைஃபையோடு ஒட்டும் உறவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ராத்திரி அம்மா தூங்கின பிறகு சமையல்கட்டு மேடையில்தான் என் லேப்.

பாலிடெக்னிக்கில் நமக்கு நெட்வொர்க் பாடம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? போர்ட் என்றால் 16 பிட் எண் என்று எழுதி மார்க் வாங்கினோம், அவ்வளவுதான். இப்போது என்மேப் என்ற ஸ்கேனரை ஓட்டி, எந்தப் போர்ட்டில், அதாவது மெஷினின் எந்த வாசலில், எந்தச் சேவை எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று வரிசையாக வந்து விழுவதைப் பார்த்தபோதுதான் அந்தப் பாடம் எனக்குள் உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. 21-ல் ஃபைல் அனுப்பி வாங்கும் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4. 139, 445-ல் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் சாம்பா. உள்ளே போவதற்கு முன்னால் இந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பதுதான் பெரிய வேலை. வீடியோ போடுகிற பையன்கள் இதை வேகமாக ஓட்டிவிட்டு, பரபரப்பான இடத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மெட்டாஸ்ப்ளாயிட்டின் கட்டளைத் திரையான எம்எஸ்எஃப்கன்சோல் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்துப் படம் வரும், சில சமயம் மாடு கூட வரும். அதற்குக் கீழே எத்தனை மாட்யூல்கள் என்று கணக்கு. எக்ஸ்ப்ளாயிட் மட்டும் 2,000-க்கு மேல். பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் புழங்கும் கட்டளைகள் கொஞ்சம்தான். சர்ச் போட்டுத் தேடு, யூஸ் போட்டு எடு, ஷோ ஆப்ஷன்ஸ் போட்டு என்ன கேட்கிறது என்று பார், செட் போட்டு நிரப்பு, ரன் கொடு. எக்ஸ்ப்ளாயிட் என்பது பூட்டைத் திறக்கும் கம்பி, பேலோடு என்பது திறந்த பிறகு உள்ளே போகிற ஆள். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்து, பொருந்துகிறதை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம் என்று கட்டினார்களே, அதுதான் இந்த ஃப்ரேம்வொர்க்கின் அழகு. ஆக்சிலரி என்று இன்னொரு வகை உண்டு. அது உள்ளே போகாது, வெளியிலிருந்தே தட்டிப் பார்த்துச் சொல்லும். அதைப் பற்றிக் கீழே வருகிறேன், என் கவலையே அதில்தான் இருக்கிறது.

முதலில் விஎஸ்எஃப்டிபிடி. 2011 ஜூலையில் அதன் தரவிறக்கப் பக்கத்தில் இருந்த மூலநிரலிலேயே யாரோ பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. பயனர் பெயரின் முடிவில் சிரிப்புக் குறி, அந்த முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும், போட்டால் 6200 போர்ட் திறந்துகொள்ளும். ஆர்ஹோஸ்ட்ஸ் என்று இலக்கு மெஷினின் முகவரி கேட்கும் இடத்தில் 192.168.56.101 என்று கொடுத்து ரன் தட்டினேன். செஷன் திறந்தது என்று ஒரு வரி வந்தது, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வெறும் கர்சர். நான் யார் என்று கேட்கும் ஹூஆம்ஐ கட்டளையை அடித்தேன், அடுத்த வரியில் “ரூட்” என்று வந்தது, அந்த மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள பயனர். அவ்வளவுதான் வசந்தி. சத்தம் இல்லை, எச்சரிக்கை இல்லை. அந்தப் பக்கத் திரையில் எதுவும் மாறவில்லை, லாகின் கேட்டபடி அப்படியே நிற்கிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்து சாம்பா 3.0.20. அதிலும் ஓட்டை பயனர் பெயரில்தான். பெயருக்கு நடுவில் கட்டளையை வைத்து அனுப்பினால், அதை, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்து இயக்கிவிடும். 2007-ல் கண்டுபிடித்தது. இங்கே பேலோடு ரிவர்ஸ் வகை, அதாவது அந்த மெஷினே நம்மைத் தேடி வந்து இணையும். எல்ஹோஸ்ட் என்று நம் முகவரி கேட்கும் இடத்தில் நம் காளியின் ஹோஸ்ட் ஒன்லி முகவரியைச் சரியாகக் கொடுக்க வேண்டும், வேறு நெட்வொர்க் கார்டின் முகவரி போனால் வந்து சேராது. இரண்டு ஓட்டையும் பெயர் கேட்கிற இடத்தில் இருப்பதைப் பார்த்து எனக்கு ஒன்று தோன்றியது. நாம் எப்போதும் பாஸ்வேர்டைத்தான் காவல் என்று நினைக்கிறோம். இங்கே பாஸ்வேர்டு வரைக்கும் யாரும் போகவே இல்லை. “பாஸ்வேர்டை மாத்திட்டோம், இனி பயமில்லை” என்று எங்கள் ஆபீசில் யாராவது சொன்னால் இனி நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

இதற்குள் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “சித்தி, எங்க காலேஜ் ரிசல்ட் சர்வர்ல சும்மா ஒரு தடவ போட்டுப் பார்க்கட்டுமா?” என்றான். லேப்டாப்பை மூடிவிட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ல் 43-ஆம் பிரிவையும் 66-ஆம் பிரிவையும் எடுத்துப் படிக்க வைத்தேன். உரியவரின் அனுமதி இல்லாமல் கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். “கெட்ட எண்ணம் இல்லை, சும்மாதான்” என்று கோர்ட்டில் நின்று நிரூபிப்பது யார்? 43-ஆம் பிரிவுப்படி நஷ்டஈடு கேட்க அந்த எண்ணம்கூடத் தேவையில்லை. பையன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவனுக்கு இதில் மெய்யான ஆர்வம் இருக்கிறது, அதை அணைக்கவும் கூடாது. மெட்டாஸ்ப்ளாயிடபிள் அவன் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்துவிட்டேன். சந்தேகம் வந்தால் உன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன், கடிந்து பேசாதே. உன்னிடம் திட்டு வாங்கியே படிப்பை விட்ட ஜூனியர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது.

இப்போது முக்கிய விஷயம்.

ஓனரிடம் எந்தெந்த மெஷின், என்ன சோதனை, எந்த நாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லீவு நாள் ஒன்றில் ஃபாக்டரிக்குப் போனேன். உள்ளே நுழையும் எதையும் ஓட்டவில்லை. எஸ்எம்பி எம்எஸ்17-010 ஸ்கேனர் என்ற ஆக்சிலரி மாட்யூல் மட்டும். விண்டோஸ் ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையில் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010 என்று எண் போட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அது. ஆபீஸ் மெஷின்கள் எல்லாம் தப்பித்தன. எடைமேடைக் கம்ப்யூட்டர் வரும்போது பச்சை நிறத்தில் கூட்டல் குறியோடு ஒரு வரி வந்தது. ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். கெட்ட செய்திக்குப் பச்சை நிறம்! பக்கத்தில் நின்ற எடைமேடை அண்ணன் “பச்சைதானே வருது, நல்லதுதானேம்மா?” என்றார். எனக்கு வாயே வரவில்லை.

அந்த மெஷின் இன்னும் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் இந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14-லேயே சரிசெய்யும் அப்டேட் கொடுத்தாயிற்று. ஏப்ரலில் அந்த ஓட்டையில் நுழையும் எடர்னல்ப்ளூ என்ற எக்ஸ்ப்ளாயிட் வெளியே கசிந்தது, மே 12-ல் அதை வைத்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. இங்கிலாந்தின் அரசு ஆஸ்பத்திரிகளில் 19,000 அளவுக்கு அப்பாயின்ட்மென்ட் ரத்தானதாக அவர்களே கணக்குச் சொன்னார்கள். மருந்து இரண்டு மாதம் முன்பே வந்தும் போடாமல் விட்டதற்கு இவ்வளவு. நம்முடையதில் இன்னும் போடவில்லை! ஏன் என்று கேட்டால், எடைமேடை மென்பொருள் கொடுத்தவர்கள் “அப்டேட் எதுவும் போடாதீங்க, போட்டா எங்க சாஃப்ட்வேர் நின்னா நாங்க பொறுப்பில்லை” என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் காகிதம் பழுத்துப்போய் மானிட்டர் ஓரத்தில் இருக்கிறது.

அது எந்த மெஷின் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவே அங்கே லோடு போட்டவர். டிராக்டர் ஏறியதும் மொத்த எடை, காய் இறக்கித் திரும்பினதும் காலி வண்டி எடை, கழித்தால் விவசாயியின் காய். அந்தச் சீட்டை வைத்துத்தான் அவருக்குப் பணம். ஜூன், ஜூலையில் தோத்தாபுரி வரத்து வந்தால் ராத்திரி பகலாக ரோடு வரைக்கும் வண்டி நிற்கும். அந்த நேரத்தில் இந்த மெஷின் பூட்டிக்கொண்டால்? காய் வெயிலில் வெந்துபோகும். அதைவிட, பாக்கி யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு மொத்தமும் அதே டிஸ்க்கில்தான். கடன் வாங்கி மருந்தடித்து, காவலுக்கு ஆள் போட்டுக் காய் கொண்டுவந்தவரிடம், “கம்ப்யூட்டர் போச்சுங்க, உங்க எடை என்னன்னு தெரியலை” என்று எந்த வாயால் சொல்வது? அந்த கவுன்டரில் நிற்கப்போவது ஓனர் இல்லை, நான்தான்.

இன்னும் கேள். டிரைவர்களுக்கென்று கொடுத்த வைஃபையும் அதே நெட்வொர்க். அதன் பாஸ்வேர்டு டோக்கன் கவுன்டர் போர்டில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது.

ஓனரிடம் சொன்னேன். “இத்தனை வருஷம் ஓடுதே, இப்ப என்ன? சரி, நிஜமாவே ஓட்டைன்னா உள்ளே போய்க் காட்டு, அப்ப நம்பறேன்” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த எடர்னல்ப்ளூ எக்ஸ்ப்ளாயிட் சில சமயம் மெஷினையே நீலத்திரையில் விழவைத்துவிடும், மெட்டாஸ்ப்ளாயிட்டே அதற்குச் சுமாரான தரம்தான் கொடுத்திருக்கிறது. பழைய டிஸ்க், பேக்கப் இல்லை, நான் தொட்டு அது எழாமல் போனால் யாருக்கு நஷ்டம்? கையெழுத்துப் போட்ட காகிதத்திலும் அது இல்லை. உள்ளே போய்க் காட்டினால்தான் திறமை என்று நினைக்கிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதைத்தான் இந்த வேலையில் நான் முதலில் மதிக்கிறேன். அதற்குப் பதிலாக லேப்டாப்பைக் கொண்டுபோய் மெட்டாஸ்ப்ளாயிடபிளில் “ரூட்” வருவதை அவருக்கே காட்டினேன். பேசாமல் பார்த்தார். பிறகு “என்ன செலவாகும்?” என்றார். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு.

என் யோசனை இது, தப்பிருந்தால் திருத்து. முதலில் அந்த டிஸ்க்கை முழுசாகக் காப்பி எடுத்து, வெளி டிஸ்க்கில் வைத்து, கழற்றி பீரோவில் பூட்டுவது. அந்தக் காப்பியை வேறு மெஷினில் ஏற்றி அப்டேட் போட்டு, எடை இண்டிகேட்டரை சீரியல் போர்ட்டில் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது, சாஃப்ட்வேர் நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். எஸ்எம்பி முதல் பதிப்பை அணைத்துவிடுவது. எடைமேடைக்குத் தனி விலான், அதாவது அதே சுவிட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க். அது ஆபீஸ் கணக்கு மெஷினோடு மட்டும் பேசட்டும், இன்டர்நெட் வேண்டாம், வைஃபை பக்கமே தெரியக்கூடாது. காப்பி எடுப்பதும் அப்டேட்டும் நானே செய்துவிடுவேன். விலான் மட்டும் எனக்குக் கைவரவில்லை, உன் கை வேண்டும். கோயம்புத்தூரில் உங்கள் ஆபீசில் கழித்துப் போட்ட, விலான் பிரிக்க முடிகிற மேனேஜ்டு சுவிட்ச் ஒன்று வீட்டில் கிடக்கிறது என்றாயே, அதை நியாயமான விலைக்கு ஓனர் வாங்கிக்கொள்வார், பேசிவிட்டேன்.

மரத்தில் பிஞ்சு பிடித்தாயிற்று. லோடு வர ஆரம்பித்தால் எடைமேடையை ஒரு மணி நேரம்கூட நிறுத்த விடமாட்டார்கள். அதற்குள் ஒரு சனிக்கிழமை கிளம்பு. சேலம் வந்து பஸ் மாறு, தொப்பூரில் தாமதமானால் போன் பண்ணு, ரவுண்டானாவில் வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் செய்வார்கள், நீ போன தடவை மாதிரி பாதி உருண்டையோடு எழுந்தால் விடமாட்டார்கள்.

எந்தச் சனிக்கிழமை என்று இந்த வாரத்துக்குள் எழுது, இல்லை மெசேஜாவது போடு. எடைமேடை அண்ணனுக்கும் அன்றைக்கு லீவு கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
மல்லிகா

சுவிட்ச்சோடு அதன் கன்சோல் கேபிளும் இருக்கிறதா என்று முதலில் பார்.